பாறைக்குப் போட்ட விலை

கௌரிசங்கரைக் கேட்டால் தனக்கு யார்மேலும் பொறாமை கிடையாது என்றுதான் சொல்வான். சஞ்சய்மேல் கூடவா என்றால் ஒரு நொடி யோசித்துவிட்டு, "அவன் என் ஃப்ரெண்டுங்க" என்பான். என்னவோ ஃப்ரெண்டுமேல் யாருமே பொறாமைப்படாதது போல. முன்பின் தெரியாதவன் மாளிகை கட்டினால் நமக்கென்ன, வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுவோம். ஒரே அறையில் படுத்து, ஒரே குக்கரில் பொங்கித் தின்றவன் கட்டினால்தான் அடிவயிற்றில் பற்றிக்கொள்கிறது.

இருவரும் கோயம்புத்தூரில் ஒரே கல்லூரியில் சிவில் படித்தவர்கள். மேற்படிப்புக்கு ஒன்றாகவே சிட்னி வந்து, வெஸ்ட்மீடில் ஒரு சின்ன அடுக்குமாடி யூனிட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். படிப்பில் கௌரிதான் ஒரு படி மேல். அதை அவன் இன்றைக்கும் மறக்கவில்லை; மற்ற எல்லோரும் மறந்துவிட்டார்கள். படித்து முடித்ததும் ஒரே கம்பெனிக்கு இருவரும் விண்ணப்பம் போட்டார்கள். சஞ்சய்க்கு வேலை கிடைத்தது. கௌரிக்கு உள்ளூர் அனுபவம் இல்லை என்று பதில் வந்தது. கூடவே விமானம் ஏறியவனுக்கு மட்டும் அந்த உள்ளூர் அனுபவம் எங்கிருந்து வந்தது என்று கௌரி இன்னமும் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இப்போது சஞ்சய் ரயில் பாதைத் திட்டங்களைப் பார்த்துக்கொள்கிற பெரிய பதவியில் இருக்கிறான். வின்ஸ்டன் ஹில்ஸில் பெரிய தோட்டத்தோடு மாடி வீடு. கௌரி சூப்பர்மார்க்கெட்டில் அட்டைப்பெட்டி பிரித்து, கிடங்கில் சரக்கு எண்ணி, கடைசியில் வீடுகளுக்கு டெக் போட்டுத் தருகிற கம்பெனி ஒன்றில் எஸ்டிமேட்டராக ஒதுங்கினான். டூங்கபியில் டவுன்ஹவுஸ். பின்கதவைத் திறந்தால் கொஞ்சம் சிமெண்ட் தரை, துணி காயப்போடும் கம்பி, அப்புறம் அடுத்தவன் வேலி.

டெக் என்பது வேறொன்றுமில்லை, வீட்டுப் பின்கதவை ஒட்டி மரப்பலகையில் போடுகிற தளம். வெயில் காலத்தில் குடும்பம் அங்கேதான் சாப்பிடும், விருந்தாளி வந்தால் அங்கேதான் உட்காரும். வீடு வீடாகப் போய் அளந்து பார்த்து, உங்களுக்கு இவ்வளவு ஆகும் என்று சொல்வது கௌரியின் வேலை. அந்த வேலையில் அவன் கெட்டிக்காரன், சும்மா சொல்லக்கூடாது. ஒரே அளவுள்ள இரண்டு டெக்குக்கு ஏன் ஒரே விலை ஆகாது என்று அவன் விளக்க ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். நிலம் சரிந்தால் தூண் உயரும், தூண் உயர்ந்தால் குறுக்குச் சட்டம் வேண்டும், தரையிலிருந்து ஒரு மீட்டரைத் தாண்டினால் கைப்பிடி கட்டாயம், உள்ளூர்க் கவுன்சில் அனுமதிக்கும் அலைய வேண்டும். அடியில் இருப்பது மண்ணா பாறையா, லாரி எதுவரை வரும், பலகை சாதாரண பைனா கெட்டி மரமா என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு விலையை ஏற்றும்.

நம் ஆட்கள் இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சரிங்க, நம்மாளுக்கு என்ன பண்ணிக் குடுப்பீங்க?" என்பார்கள். அதனால் கௌரி ஒரு வழக்கம் வைத்திருந்தான். தமிழர் வீடு என்றால் முதலில் கொஞ்சம் ஏற்றிச் சொல்வது. அவர்கள் இழுப்பார்கள், இவன் பிகு பண்ணுவான், கடைசியில் ஏற்றியதை எடுத்துவிட்டு நியாயமான விலைக்கு வருவான். குறைத்து வாங்கிவிட்டோம் என்று அவர்களுக்குச் சந்தோஷம், வேலை கிடைத்தது என்று இவனுக்குச் சந்தோஷம். வெள்ளைக்காரர் வீட்டில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. அவர்கள் பேரம் பேசாமல் அடுத்த கம்பெனிக்குப் போன் போட்டுவிடுவார்கள்.

சஞ்சய் கெட்டவனாக இருந்திருந்தால் கௌரிக்கு வாழ்க்கை சுலபமாக இருந்திருக்கும். அவனோ கொடுத்தே ஆளைக் கொல்கிறவன். கௌரி வீட்டு ஃப்ரிட்ஜ் சஞ்சய் கொடுத்தது. சோபா அவன் வீட்டில் இருந்தது. மகளின் தொட்டில், பழைய டொயோட்டா, ஏன், நிரந்தரக் குடியுரிமைக்குப் போட்டபோது கௌரியைப் பற்றி நற்சான்று எழுதிக் கொடுத்ததும் அவன்தான். எதையும் சொல்லிக் காட்டமாட்டான். "நாங்க புதுசு வாங்கிட்டோம், இது சும்மாதான் கெடக்குது, எடுத்துட்டுப் போடா" என்று அவனே வண்டியில் ஏற்றிவிடுவான். கௌரி ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு, வீடு வரும்வரை மனைவி பிரவீணாவிடம் பேசாமல் வருவான். இத்தனை வருடத்தில் சஞ்சய் அவனிடம் ஒரு சின்ன உதவி கேட்டதில்லை, விமான நிலையத்தில் கொண்டுபோய் விடச் சொன்னதுகூட இல்லை. ஒரே ஒரு தடவை அவன் கேட்க வேண்டும், தான் யோசிப்பது போல் யோசித்து, சரி உனக்காகச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். கௌரிக்கு இந்த உலகத்தில் அதைவிடப் பெரிய ஆசை எதுவும் இல்லை.

அதனால்தான் போன செப்டம்பரில் சஞ்சய் கூப்பிட்டு, "மச்சி, ஸ்ருதி டெக் போடணும்ங்கறா, வந்து பாக்கறியா?" என்றபோது கௌரிக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு அவன் ஒரு வீட்டில் பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்து, இரண்டு தடவை "கண்டிப்பா வர்றேன்டா" என்றான். பிரவீணாவிடம் அன்று மாலை அதைச் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டே, "ஊருக்கெல்லாம் போட்டுத் தர்றீங்க. நம்ம வீட்டுல எப்ப?" என்றாள். அவள் அதை வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் அது அவனுக்கு உள்ளே போய்க் குத்தியது.

சனிக்கிழமை காலை டேப்பும் இரும்புக் கம்பியும் எடுத்துக்கொண்டு போனான். சஞ்சய் வீட்டின் பின்பக்கம் போனதும் டேப்பை விரிக்காமல் அப்படியே நின்றுவிட்டான். முன்பெல்லாம் எத்தனையோ முறை அங்கே வந்திருக்கிறான், ஆனால் ஒரு எஸ்டிமேட்டரின் கண்ணால் பார்த்தது இல்லை. நிலம் வீட்டிலிருந்து மெல்லச் சரிந்து ஓடைக்கரைப் பூங்கா வரை போகிறது. டெக்கை அங்கே நிறுத்தினால் முன்னால் மரங்களைத் தவிர ஒன்றுமே தெரியாது. பக்கத்து வீட்டுச் சுவர் கிடையாது, அடுத்தவன் துணி கிடையாது. இவனுக்கு மட்டும் எங்கே போய்க் கிடைக்கிறது இதெல்லாம் என்று கௌரி பல்லைக் கடித்தான்.

சஞ்சயின் மனைவி ஸ்ருதி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, தனக்கு என்ன வேண்டும் என்று சொன்னாள். "பெரிய டேபிள் போடற மாதிரி வேணும் கௌரி. அந்த ஜகரண்டா மரத்தை வெட்டக்கூடாது, அதைச் சுத்தி வளைச்சுப் போட முடியுமா?"

"முடியும். வளைச்சா பலகை நெறைய வீணாகும், கூலியும் ஏறும்."

"என்ன மரம் நல்லது?" என்று சஞ்சய் கேட்டான்.

"பைன் மலிவு, ஆனா வருஷா வருஷம் எண்ணெய் அடிக்கணும். மெர்பாவ் நல்லா செவப்பா இருக்கும், மொத மழையில சாயம் எறங்கும். ஸ்பாட்டட் கம்தான் கெட்டி. வெலையும் கெட்டி."

"நீ உன் வீட்டுக்குன்னா எதைப் போடுவ?"

இந்தக் கேள்வியை சஞ்சய் எந்தக் கள்ளமும் இல்லாமல்தான் கேட்டான். கௌரிக்கு அது கன்னத்தில் விட்ட மாதிரி இருந்தது. "ஸ்பாட்டட் கம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்து அளக்க ஆரம்பித்தான்.

அளந்தபடியே மனதுக்குள் கணக்கும் ஓடியது. அது அவன் சொல்லி ஓடுவதில்லை, தானாக ஓடும். கடைசி முனையில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தூண் வரும். கைப்பிடி, படிக்கட்டு, மரத்தைச் சுற்றி வளைவு, நல்ல பலகை. மண்ணைப் பார்க்க ஐந்தாறு இடத்தில் இரும்புக் கம்பியை இறக்கினான். எல்லா இடத்திலும் களிமண்ணில் சுகமாக இறங்கியது, ஒரு கல்லில்கூட முட்டவில்லை. வீட்டின் பக்கவாட்டுச் சந்து குறுகல், நடுவில் ஏசி எந்திரம் வேறு. ஆனால் தோட்டத்தின் கடைசியில் பூங்காச் சாலையைப் பார்த்து ஒரு இரட்டைக் கதவு இருந்தது, லாரி நேராக அங்கே வந்து நிற்கலாம். எல்லாம் சேர்ந்து முப்பத்தெட்டாயிரம் டாலர். நியாயமான விலை, அவனே முதலாளியாக இருந்தால் அதைத்தான் வாங்குவான்.

"எப்படிடா, ரொம்ப ஆகுமா?" என்று சஞ்சய் கேட்டான்.

"சரிவு இருக்கு பாத்தியா. கீழே பாறை இருக்கலாம். இந்தப் பக்கம் மெஷின் எறங்காது, சந்து வழியா கையிலதான் எல்லாத்தையும் தூக்கிட்டு வரணும்" என்றான் கௌரி. கடைசியில் இருந்த இரட்டைக் கதவுப் பக்கம் அவன் கண்ணைத் திருப்பவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து, பாறை உடைக்க ஒன்பதாயிரம், கைச்சுமைக்கு ஐந்தாயிரம் என்று சேர்த்தான். ஐம்பத்திரண்டாயிரம் ஆனது. தமிழர் வீட்டுக்கு வழக்கமாக ஏற்றுகிறதுதானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பொய். வழக்கமாக ஏற்றுவது இரண்டாயிரமோ மூவாயிரமோதான். இது வேறு. சஞ்சய் இந்த விலையைப் பார்த்து மலைத்துப்போய்க் கூப்பிட வேண்டும். "டேய், கொஞ்சம் பாத்துப் பண்ணேன்டா" என்று கெஞ்ச வேண்டும். அப்போது, "உனக்காக முதலாளிகிட்ட பேசிப் பாக்கறேன்" என்று இரண்டு நாள் காக்க வைத்து, பதினாலாயிரத்தையும் மொத்தமாகக் குறைத்துக் கொடுக்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்கும் சோபாவுக்கும் தொட்டிலுக்கும் சேர்த்து அன்றைக்குக் கணக்குத் தீர்ந்துவிடும். சஞ்சய் அதற்குப் பிறகு ஒவ்வொரு விருந்திலும், இது கௌரி குறைத்துக் கொடுத்தது என்று சொல்லியாக வேண்டும்.

விலையை அனுப்பிவிட்டு போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். என்ன பதில் சொல்வது, எந்தக் குரலில் சொல்வது என்று ஒத்திகைகூடப் பார்த்தான். சாப்பிட்டு முடிப்பதற்குள் செய்தி வந்தது. "ஓகே மச்சி. எப்ப ஆரம்பிக்கலாம்?"

அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை, ஒரு முனகல் இல்லை. கௌரி அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். பதினாலாயிரம் டாலர் சஞ்சய்க்குக் கண்ணிலேயே படவில்லை. கௌரியின் கார் விலையைவிட அதிகமான பணத்தை ஈ விரட்டுகிற மாதிரி விரட்டிவிட்டான். கௌரியின் வயிறு அதற்கு முன்னால் எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி அன்றைக்கு எரிந்தது. பேரம் பேசாமல் வாங்குவதுகூட ஒரு திமிர்தான் என்று அவனுக்கு அன்றைக்குத் தோன்றியது.

கம்பெனியின் முதலாளி பிரஷாந்தன் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்து இங்கேயே வளர்ந்தவன், கௌரியைவிட வயதில் சின்னவன். ஆனாலும் கௌரியை அண்ணை என்றுதான் கூப்பிடுவான். "அண்ணை, நல்ல வேலை ஒண்டு பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறியள்" என்று தோளில் தட்டினான். கௌரிக்கு ஒவ்வொரு வேலைக்கும் சிறிது கமிஷன் உண்டு, இந்த முறை கொஞ்சம் கூடுதலாக வரும். அந்தச் சந்தோஷம்கூட அவனுக்கு ஒட்டவில்லை.

கவுன்சில் அனுமதி வந்து நவம்பரில் வேலை தொடங்கியது. குழி தோண்டிய முதல் நாளே பாறை இல்லை என்பது தெரிந்துவிட்டது. பலகைகளும் பூங்காச் சாலைப் பக்கத்து இரட்டைக் கதவு வழியாகத்தான் வந்து இறங்கின. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற நாட்களில் சஞ்சய் வெளியே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று எல்லாவற்றையும் பார்த்தான், வேலையாட்களுக்கு டீ கொடுத்தான். எதுவும் கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் பிரஷாந்தன் கௌரியைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். "அண்ணை, கல்லுக்கெண்டு ஒன்பதாயிரம் போட்டிருக்கிறியள். அங்க கல்லு ஒண்டும் வரேல்லை. அவருக்குத் திருப்பிக் குடுப்பமே? எங்கட பேருக்கும் நல்லது."

அந்த நேரத்தில் கௌரி ஓம் என்றோ ஆமாம் என்றோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். அவனுக்கு அது தெரியவும் தெரிந்தது. ஆனால் பணம் தானாகப் போனால் சஞ்சய் ஒரு நன்றி சொல்லிவிட்டு வாங்கி வைத்துக்கொள்வான். கேட்டு வாங்க மாட்டான். அது கௌரிக்குப் பொறுக்கவில்லை.

"வேண்டாம். அவன் கேக்கட்டும். கேட்டா குடுப்போம்" என்றான்.

"உங்கட ஃப்ரெண்ட் தானே, அண்ணை?"

"அதனாலதான் சொல்றேன். கேக்கட்டும்."

பிரஷாந்தன் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சரி, நீங்கள் சொன்னால் சரிதான். அவர் கேட்டால் அண்டைக்கே போட்டுவிடுறன்" என்று எழுந்து போனான். அதற்குப் பிறகு கௌரி காத்திருந்தான். முன்பைவிட அடிக்கடி வின்ஸ்டன் ஹில்ஸுக்குப் போனான், வேலையை மேற்பார்வை பார்க்கிற சாக்கில். "மண்ணு எப்படி இருந்துச்சுன்னு பாத்தியா?" என்று அவனே பேச்சைக் கொடுத்துப் பார்த்தான். "நல்ல வேளை, சீக்கிரம் முடிஞ்சுது" என்றான் சஞ்சய். இன்னொரு நாள், "பின்னாடி கேட் இருக்கறதை நான் கவனிக்கவே இல்ல மச்சி" என்றான். "எனக்கே மறந்துபோச்சுடா" என்று சஞ்சய் சிரித்தான். கேட்பதற்கு இவ்வளவு வசதி செய்து கொடுத்தும் ஒருத்தன் கேட்கமாட்டேன் என்றால் அவனை என்னதான் செய்வது? கௌரி வீட்டுக்கு வந்து பிரவீணாவிடம், அவனுக்குத் தலைக்கனம் என்று பொரிந்து தள்ளினான். "என்ன தலைக்கனம்? பாவம், நேத்துகூட உங்களைப் பத்திதான் ஸ்ருதி கேட்டா" என்றாள் அவள். என்ன கேட்டாள் என்று இவன் விசாரிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் புது டெக்கில் விருந்து வைத்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் வாய் விட்டுப் புகழ்ந்தார்கள், புகழாமல் இருக்கவும் முடியாது. ஜகரண்டாவைச் சுற்றிப் பலகை அழகாக வளைந்து போயிருந்தது. பூங்காவிலிருந்து காற்று வந்தது. பிரவீணா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து பார்த்ததை கௌரி பார்த்தான். அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் அவன் அன்றைக்குக் கொஞ்சம் நன்றாகச் சாப்பிட்டிருப்பான்.

சஞ்சய் அவன் தோளில் கையைப் போட்டு ஒவ்வொருவரிடமும் கூட்டிப்போனான். "இவன்தான் ஃபுல்லா பிளான் பண்ணினது. காலேஜ்ல எங்களுக்கெல்லாம் ஸ்ட்ரக்சர்ஸ் சொல்லிக் குடுத்தவனே இவன்தான்" என்றான். பாராட்டைக்கூட இவன்தான் எனக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று கௌரிக்குக் கசந்தது.

வந்தவர்களில் குணசீலன் என்று ஒருவர், மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்து செட்டிலானவர், சஞ்சயின் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். தட்டோடு வந்து நின்று பலகையைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு, நம் ஆட்கள் எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்கிற கேள்வியை அவரும் கேட்டார்.

"எவ்ளோ ஆச்சு?"

கௌரிக்கு முதுகு நிமிர்ந்தது. இப்போது சஞ்சய் ஐம்பத்திரண்டு என்று சொல்வான், எல்லோரும் ஐயோ என்பார்கள், அங்கேயே பேச்சு வரும், கடைசியில் என்னிடம்தான் வந்தாக வேண்டும் என்று நினைத்தான்.

"முப்பத்தெட்டு" என்றான் சஞ்சய்.

"பரவால்ல லா. இவ்ளோ பெரிசுக்கு முப்பத்தெட்டா? தம்பி, என் வீட்டுக்கும் வந்து பாருங்க" என்று குணசீலன் கௌரியிடம் நம்பர் கேட்டார். கௌரி ஏதோ சொல்லி நம்பரைக் கொடுத்தான். முப்பத்தெட்டு என்பது இந்த உலகத்தில் அவன் மண்டைக்குள் மட்டும் இருந்த எண். பிரவீணாவிடம்கூட அதை அவன் சொன்னதில்லை.

பார்பிக்யூ அடுப்புப் பக்கம் சஞ்சய் தனியாக நின்று கோழியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது கௌரி போய் நின்றான். "ஏன்டா குறைச்சுச் சொன்ன?"

"எதை?"

"வெலைய."

சஞ்சய் இடுக்கியைக் கீழே வைக்காமல் மெதுவாகப் பேசினான். "உன் வெலைய சொன்னா குணசீலன் உன்ன கூப்பிட மாட்டாருடா. அவரு நாலு எடத்துல விசாரிக்கற ஆளு. உனக்கு வர்ற வேலை கெட்டுப்போகும்."

"முப்பத்தெட்டுன்னு எப்படிச் சொன்ன?"

"ஸ்ருதி வேற ரெண்டு மூணு கம்பெனியில கேட்டிருந்தா. எல்லாமே அதைச் சுத்திதான் சொன்னாங்க."

கௌரி இன்னும் நெருங்கி வந்தான். "அப்ப நான் அனுப்பும்போதே அது ஜாஸ்தின்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சே ஓகேன்னு போட்ட."

"நீ தானடா" என்றான் சஞ்சய். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு இன்னும் குரலைத் தாழ்த்தினான். "பிரவீணா ஸ்ருதிகிட்ட சொல்லியிருந்தா, சம்பளம் கம்மி, கமிஷன வச்சுத்தான் ஓடுதுன்னு. நீ அப்படி ஒரு வெலை போட்டா ஏதோ கஷ்டத்துலதான் போட்டிருப்பன்னு நெனச்சேன். நேரா கேட்டா உனக்கு ஒரு மாதிரி இருக்கும். சரி, இந்த வகையில போகட்டும்னு விட்டுட்டேன்."

கௌரி எதற்கெல்லாமோ தயாராக வந்திருந்தான். சண்டைக்குத் தயார், கிண்டலுக்குத் தயார், திருடன் என்று சொன்னால்கூட அதற்கும் பதில் வைத்திருந்தான். அவன் போட்டது பொறாமையின் விலை. சஞ்சய் அதை வறுமையின் விலை என்று படித்துவிட்டு, ஃப்ரிட்ஜ் கொடுத்த மாதிரி, சோபா கொடுத்த மாதிரி, சத்தம் போடாமல் கொடுத்துவிட்டான். தன் வீட்டுப் பழைய சாமான்களோடு இன்னொரு சாமானாக இதுவும் சேர்ந்துவிட்டது என்று நினைத்தபோது கௌரிக்குக் கூசியது. அது கஷ்டம் இல்லை, பொறாமைதான் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பாவம் என்று நினைக்கப்படுவதைவிட அயோக்கியன் என்று நினைக்கப்படுவது எவ்வளவோ மேல். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அங்க பாறை இல்ல" என்றான்.

"தெரியும்டா. தோண்டும்போது இங்கதான நின்னேன்."

"அந்தப் பணம் திரும்ப வரும். பிரஷாந்தன் அப்பவே குடுக்கறேன்னான். நான்தான்..." கௌரி மீதியை விழுங்கிவிட்டுத் தொடர்ந்தான். "நாளைக்கே போடச் சொல்றேன். மீதி ஐயாயிரத்த நான் மாசா மாசம் குடுத்துடறேன்."

"அதெல்லாம் வேணாம். உன் கமிஷன் போயிடும்."

"போகட்டும். வாங்கிக்கோடா."

"விடுறா."

"இல்ல, வாங்கிக்கோ. ப்ளீஸ் மச்சி. உன்ன கேட்டுக்கறேன்."

தன் குரலை அவனே கேட்டான். செப்டம்பரிலிருந்து சஞ்சயின் வாயிலிருந்து வர வேண்டும் என்று அவன் காத்திருந்த குரல் அது, அதே இழுப்பு, அதே கெஞ்சல். அந்த நிமிடத்தில் அவனுக்கு சஞ்சயைப் பிடிக்கவில்லை. இத்தனை வருடத்தில் எந்த நாளும் இல்லாத அளவுக்குப் பிடிக்கவில்லை. அவன் நல்லவனாக இருந்ததுதான் அதற்குக் காரணம்.

சஞ்சய் அடுப்பை அணைத்தான். நன்றாக வெந்த ஒரு துண்டைப் பார்த்து எடுத்து கௌரியின் தட்டில் வைத்தான். பிறகு, முன்பு வெஸ்ட்மீடு அறையில் செய்கிற மாதிரி அவன் பிடரியைச் செல்லமாக ஒரு பிடி பிடித்து ஆட்டினான்.

"நான் எப்பவாவது உன்கிட்ட கேட்டேனாடா?" என்றான்.

கௌரி தட்டைப் பார்த்துக்கொண்டே, இல்லை என்று தலையாட்டினான்.